மூச்சுக் கொட்டகை

கரடிமொட்டைக்குப் போகும் மலைப்பாதையில் ஐம்பத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். அவ்வளவையும் நான் தினம் ஒருதடவை ஏறினேன், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி. சிரிக்கிறவர்கள் முதலில் என் ஆடுசதையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கலாம்.

என் பெயர் மொக்கச்சாமி. இருபத்திமூன்று வருஷம் இதே பாதையில் பஸ் கண்டக்டராக இருந்தவன். பிறகு பஸ் நின்றுபோனது. ரிப்பேராகி நிற்கவில்லை. மலைக்கு மோட்டார் ஆகாது என்று மேலே யாரோ முடிவு செய்துவிட்டார்கள். சின்னக்கோம்பை செக்போஸ்ட்டுக்கு மேலே இனிமேல் எஞ்சின் என்று ஒன்று உறுமக் கூடாது, பேட்டரி வண்டியும் கூடாது, சைக்கிள் மட்டும்தான். ‘முப்பத்தொன்பது கிலோமீட்டர், ஒரு ஹாரன் சத்தம் கிடையாது’ என்று போர்டு வைத்தார்கள். உலகம் பூராவும் இருந்து சைக்கிளோடு வந்து இறங்கினார்கள். மலையில் குடியிருக்கிற சனங்களைக் கேட்டார்களா என்றால், கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆனால் அந்த மலையின் அழகில் ஒரு சிக்கல் இருந்தது. அது மேலே இருந்தது. வந்தவர்கள் ஏழாவது வளைவில் வாந்தி எடுத்தார்கள், பன்னிரண்டாவதில் அம்மாவைக் கூப்பிட்டார்கள், பதினைந்தாவதில் சைக்கிளை ஓரமாகப் படுக்கப் போட்டுவிட்டு “இங்க ஜீப் எதுவும் கிடைக்குமா?” என்று கேட்டார்கள். பத்துப் பேரில் ஒருவர் மேலே போய்ச் சேர்ந்தால் அதிகம். அப்போதுதான் அந்தக் கம்பெனி தொப்பிகளோடு வந்தது.

வேலையில்லாமல் டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரை, எல்லாரும் பழைய டிரைவர் கண்டக்டர்கள், கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினாள் ஒரு பெண். அனன்சியா என்று பெயர், தூத்துக்குடிக்காரி, இன்ஜினியர், முப்பது வயசுகூட இருக்காது.

“அண்ணே, களைப்புங்கிறது காலுக்குள்ள இல்ல, தலைக்குள்ள இருக்கு. சைக்கிள்ல போறவங்க தலையில ஒரு தொப்பி, உங்க தலையில ஒரு தொப்பி. அங்க காலு சுத்தும். இங்க மூச்சு வாங்கும். அவ்வளவுதான்.”

“காலு அவுக காலுதான?” என்று கேட்டேன்.

“ஆமா.”

“அப்ப வலிக்க வேண்டியதும் அவுகளுக்குத்தான?”

“அத மாத்துறதுதான் அண்ணே நம்ம வேலை.”

“அது எப்படிம்மா மாத்துவீக?”

“அதுக்குப் பேட்டண்ட் இருக்கு. சொல்லக் கூடாது.”

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சடையாண்டி என்னோடு பஸ் ஓட்டியவன். எதையும் தோண்டித்தான் கேட்பான். “சரிம்மா, மேல போறவுகளுக்கு மாரடைப்பு வந்தா அது யாருக்கு வரும்?”

அனன்சியா பைக்குள் கையை விட்டாள். “அதுக்குத் தனி ஃபாரம் இருக்கு அண்ணே. இங்க கையெழுத்துப் போடுங்க.”

போட்டோம். கம்பெனி எங்களுக்கு ‘மலைத் துணைவர்’ என்று பெயர் வைத்தது. ஊர் ‘மூச்சுக்காரர்’ என்று வைத்தது. பஸ் நின்றிருந்த பழைய தகரக் கொட்டகையிலேயே எட்டு நாற்காலி போட்டு, எட்டுத் தொப்பி மாட்டி, சுவரில் ஒரு பலகை வைத்தார்கள். எந்தப் பயணி எந்த வளைவில் இருக்கிறார் என்று அதில் விளக்கு எரியும்.

காலை ஆறு மணிக்குச் சைக்கிள்கள் மலைமேல் கிளம்பும். கீழே நாங்கள் கிளம்புவோம். எட்டு ஆம்பிளைகள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, நாக்கைத் தள்ளிக்கொண்டு, புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்குவோம். எனக்குப் பலகையே தேவையில்லை. பஸ் படியில் இருபத்திமூன்று வருஷம் தொங்கியவனுக்கு எந்த வளைவு என்று முட்டியே சொல்லிவிடும். மேலே ஒரு மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஆள் வியர்வை ஒரு சொட்டு இல்லாமல் பப்பிள்கம் மென்றபடி மிதித்துப் போவான். கீழே சடையாண்டி தண்ணீர் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவனுடைய குலத்தையே திட்டுவான். ஆறு மாதத்தில் எங்கள் எட்டுப் பேருக்கும் தொப்பை போய்விட்டது. தினம் மலையேறுகிறவர்களுக்குத் தொப்பை போட்டது.

இதெல்லாம் அனன்சியா சொன்னபடிதான் நடந்தது. அவள் சொல்லாத ஒன்றும் நடந்தது.

முதல் நாள் பதினொன்றே முக்கால் மணிக்கு என் ஆள் ஐம்பத்திரண்டாவது வளைவைத் திரும்பினான். மேலே கரடிமொட்டை. கண்ணுக்கு எட்டின தூரம் பள்ளத்தாக்கு, மேகம் காலுக்குக் கீழே கிடக்கும். நான் கீழே தகரச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று நெஞ்சு விரிந்தது. வந்துவிட்டேன், நானே வந்துவிட்டேன் என்று ஒரு சந்தோஷம். எனக்கு ஜென்மத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை, கல்யாணத்தன்றுகூட. ஓவென்று அழுதுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் எட்டுப் பேரும் அழுதுகொண்டிருக்கிறோம். சத்தம் கேட்டு பஜாரிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். பூக்கடைக்காரர் ஒரு மாலையோடு வந்து, “யாருப்பா? எப்ப?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“யாருமில்லண்ணே. சந்தோஷம்” என்றான் சடையாண்டி மூக்கைச் சிந்தியபடி.

அவர் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் பலகைக்குப் போட்டுவிட்டுப் போனார்.

அதன்பிறகு அந்த ஐந்து நிமிஷத்துக்காகவே நாங்கள் வேலைக்கு வந்தோம். மேலே போனவர்கள்தான் புகார் எழுத ஆரம்பித்தார்கள். ‘மலை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றும் தோன்றவில்லை.’ ‘டிவியில் பார்த்த மாதிரி இருக்கிறது.’ ‘மேலே போய் நின்றேன். அப்புறம் என்ன செய்வது என்று யாராவது சொல்லியிருக்கலாம்.’ ஒருவர் மலையை வேறு இடத்தில் வைக்கச் சொல்லி எழுதியிருந்தார்.

அனன்சியா கொட்டகைக்கு வந்து ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தாள். “அண்ணே, உண்மையச் சொல்லுங்க. மேல போய்ச் சேர்ற சந்தோஷம் உங்களுக்கு வருதா?”

“சந்தோஷமா? இல்லியேம்மா. வெறும் முட்டி வலிதான்” என்றேன்.

“கண்ணு ஏன் வீங்கியிருக்கு?”

“தூசி.”

“எட்டுப் பேருக்குமா?”

“கொட்டகையக் கூட்டி ரொம்ப நாளாச்சும்மா” என்றான் சடையாண்டி.

அவள் பெருமூச்சு விட்டாள். “தொப்பி தலையில இருக்கிற வரைக்கும் நெஞ்சுல ஏறுறது எல்லாம் இங்கதான் வரும்னு நினைக்கிறேன். களைப்பும் அதுவும் ஒரே வயர்ல வருது. மேலிடத்துல பிரிச்சுக் குடுன்னு உசுர எடுக்குறாங்க. எனக்குப் பிரிக்கத் தெரியல.”

எங்களுக்கு அப்பாடா என்றிருந்தது. இதை இங்கே சொல்லக் காரணம், எனக்கு இது தெரியும் என்பதற்காகத்தான். பின்னால் நடந்ததற்குத் தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரி பவுன்தாயி. அவளுக்கு இளைப்பு நோய். வீட்டுப் படி நான்கு ஏறினாலே நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். அவளுடைய அக்கா ஒச்சம்மா கரடிமொட்டையில் வாழ்க்கைப்பட்டவள். தாயில்லாத பிள்ளைகள், அக்காதான் இவளைத் தூக்கி வளர்த்தது. பஸ் இருந்தவரை மாதம் இரண்டு தடவை என் பஸ்ஸிலேயே முன் சீட்டில் உட்கார்ந்து போய்வருவாள். பஸ் நின்ற மூன்றாவது மாதம் ஒச்சம்மா புருஷன் செத்துப்போனார். பவுன்தாயி போகவில்லை. எப்படிப் போவாள்? முதல் வளைவுக்குள் மூச்சு முட்டி ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். சரக்கு ஏற்றிப்போகும் கம்பிவடப் பெட்டியில் முட்டைக்கோஸ் மூட்டையோடு ஏற்றி அனுப்பப் பார்த்தேன். உயிருள்ள சரக்கு என்றால் ஆடு, கோழிக்கு மட்டும்தான் ஃபாரம் இருக்கிறது என்றார்கள். டோலி கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம். செக்போஸ்ட்டில் பிடித்துக்கொண்டார்கள். மனிதரை மனிதர் சுமப்பது கண்ணியக்குறைவாம், சட்டப்படி குற்றமாம். அதே செக்போஸ்ட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில்தான் பிறகு நான் ஊர்பேர் தெரியாதவனை மூளையில் சுமந்தேன். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஒச்சம்மாவுக்கு இந்த நியாயம் எதுவும் ஏறவில்லை. “புருஷன் பொணம் கெடக்கையில வராதவ, எனக்கு எதுக்கு?” என்று சொல்லியனுப்பினாள். அத்தோடு பேச்சு நின்றது. பவுன்தாயி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் போடுவாள். ஒச்சம்மா எடுப்பாள், பேச மாட்டாள். இவளும் பேச மாட்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சு விடுவார்கள். பிறகு வைத்துவிடுவார்கள். ஆறு வருஷம் இப்படி.

அந்தச் செவ்வாய்க்கிழமை சடையாண்டிக்கு வர வேண்டிய பயணி, சென்னைக்காரப் பெண் ஒருத்தி, முதல் நாள் தின்ற பரோட்டா ஒத்துக்கொள்ளாமல் ரூமிலேயே படுத்துவிட்டாள். அவளுடைய சைக்கிளும் தொப்பியும் சும்மா கிடந்தன. டெப்போவில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் டூட்டியை ஒருவர் மாற்றிக்கொள்வோம், ஆபீஸுக்கு மூச்சு விட மாட்டோம். கல்யாணம், காதுகுத்து, தலைவலி எல்லாம் அப்படித்தான் ஓடியது. கொட்டகையிலும் அந்த வழக்கத்தை விடவில்லை.

“டேய், உன் சீட்டுல நான் உக்காந்துக்கிறேன். என் ஆள நீ பாத்துக்க. உன் சென்னைக்காரிக்குப் பதிலா பவுன அனுப்பிரலாம்” என்றேன்.

சடையாண்டி யோசிக்கவே இல்லை. “அனுப்புடா. பாவம், அக்கா மூஞ்சியப் பாத்துட்டு வரட்டும்.”

பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளில் பதினைந்து வயசில் பழகியது பவுன்தாயிக்கு மறந்திருக்கவில்லை. சுடிதாருக்கு மேல் கம்பெனி மஞ்சள் ஜாக்கெட்டை மாட்டினேன். கறுப்புக் கண்ணாடி போட்டேன். தொப்பியை நானே தலையில் வைத்துக் கொக்கி மாட்டினேன்.

“நீ ஒண்ணையும் தொடாத. வழியில கழட்டுனா மூச்சு முட்டிப் போயிரும். அக்கா வீட்டு வாசலுக்குப் போனதும் கீழ நான் கழட்டிருவேன், உனக்கு எல்லாம் திரும்ப வந்துரும். புரியுதா?”

“நெசமாவே மூச்சு வாங்காதா?”

“உனக்கு வாங்காது.”

“உங்களுக்கு?”

“நான் பாத்துக்கிறேன். கெளம்பு, போலாம் ரைட்.”

அந்த ஐந்தே முக்கால் மணி நேரத்தை நான் என்னவென்று சொல்ல? சாதாரணக் களைப்பு எனக்குப் பழக்கம். இது அவளுடைய நுரையீரல். ஊசித் துவாரம் வழியாகக் காற்றை உறிஞ்சுகிற மாதிரி. பதினெட்டாவது வளைவில் எனக்குக் கண் இருட்டியது. இத்தனை வருஷம் இவள் இதை வைத்துக்கொண்டா எனக்கு மூன்று வேளை சோறு பொங்கினாள் என்று நினைத்து வெட்கமாக இருந்தது. சடையாண்டி என் ஆளுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு, நடுநடுவே எனக்கு விசிறியும் விட்டான். நான் தாங்கிக்கொண்டேன். அந்த வரைக்கும் நான் நல்லவன்தான்.

ஐம்பத்திரண்டாவது வளைவு திரும்பியது. பலகையில் விளக்கு பச்சையானது. ஒச்சம்மா வீடு வளைவை ஒட்டினாற்போல் இருக்கும். தொப்பியைக் கழற்றக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை காதுப் பக்கத்திலேயே நின்றுவிட்டது, ஏனென்றால் அது வந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களின் சந்தோஷத்தை ஒரு வருஷமாக வாங்கி வாங்கி அதன் அளவு எனக்குத் தெரியும். ஒரு டம்ளர் இருக்கும், மிஞ்சிப்போனால் ஒரு செம்பு. இது அண்டா. யாரோ ஒருத்தி எனக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறாள். தன் வாய்க்குப் போகவேண்டியதை எடுத்து எனக்கு ஊட்டியிருக்கிறாள். காய்ச்சலில் கிடந்தபோது என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். முகம் தெரியவில்லை, அந்த இடுப்பின் சூடு தெரிகிறது. ஆறு வருஷம் தேக்கி வைத்திருந்த அழுகை தொண்டைக்கு வந்து நின்றது.

கழற்று, இப்போதே கழற்று என்று எனக்கு நானே சொன்னேன். பயணி இறங்காமல் கண்டக்டர் இறங்கக் கூடாதே என்று இன்னொரு குரல் உள்ளே சொன்னது. அந்தக் குரலை நீங்கள் நம்ப வேண்டாம், நானும் நம்பவில்லை. உண்மை என்னவென்றால் அவ்வளவு இனிப்பாக இருந்தது. என் அம்மா செத்தபோதுகூட எனக்கு அப்படி அழ வரவில்லை. தகரச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு பத்து நிமிஷம் அழுதேன், சொட்டு மிச்சமில்லாமல். தொப்பியைக் கழற்றியபோது உள்ளே ஒன்றும் பாக்கி இல்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு அவள் இறங்கி வந்தாள். ஜாக்கெட்டை மடித்து வைத்தாள். சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

“அக்காவப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“என்ன சொன்னா?”

“சுத்திப் பாக்க வந்தீகளான்னு கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“ஆமான்னு சொன்னேன்.”

அவள் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: “பக்கத்து வீட்டுக்காரியப் பாத்த மாதிரிதான் இருந்துச்சு. கதவுல நீலப் பெயிண்ட் உரிஞ்சு கெடக்கு, அத மட்டும் பாத்தேன். அவ என் மூஞ்சியவே பாத்தா. நான் மரம் மாதிரி நின்னேன். கதவச் சாத்திட்டா. எனக்கு அதுவும் ஒண்ணும் தோணல. ஏங்க, நான் அவ்வளவு கல்நெஞ்சுக்காரியா?”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். “மலையேறுன அசதியா இருக்கும்” என்றேன். யாருக்கு அசதி? வாய் கூசாமல் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அவள் போனை எடுக்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கிப் போன் போடலையா?”

“எதுக்கு? எனக்குத்தான் அவ மேல ஒண்ணுமே இல்லன்னு தெரிஞ்சுபோச்சே. சும்மா எதுக்கு அவளத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?”

சனிக்கிழமை காலையில் அனன்சியா டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. பவுன்தாயி காப்பி போட்டுக் கொடுத்தாள்.

“அண்ணே, செவ்வாய்க்கிழமை சடையாண்டி அண்ணன் சீட்டுல நீங்க இருந்தீங்களாமே. அதுக்காகத் திட்ட வரல. இங்க பாருங்க.” படத்தில் ஒரு கோடு தரையோடு போய், திடீரென்று செங்குத்தாக ஏறி, கட்டத்தைத் தாண்டி வெளியே போயிருந்தது. “இதுவரைக்கும் எந்தப் பயணிக்கும் நெஞ்சுல இவ்வளவு ஏறினது கிடையாது. பத்து நிமிஷம் நிக்கவே இல்ல. அந்தச் சென்னை மேடம் மேல போய் அப்படி என்னத்தப் பாத்தாங்க? மேலிடத்துல கேக்குறாங்க, விளம்பரத்துல போடணுமாம்.”

நான் காப்பியைப் பார்த்தேன். பவுன்தாயி படத்தைப் பார்த்தாள்.

“இந்தக் கோடு என்னம்மா?” என்று கேட்டாள்.

“அதுவாக்கா? மேல இருக்கிறவங்க நெஞ்சுல வர்ற சந்தோஷம், அழுகை எல்லாம். அங்க வராது, தொப்பி வழியா இங்க இருக்கிற அண்ணனுக்கு வந்துரும். அண்ணன் இங்க தொப்பியக் கழட்டியிருந்தா அந்தம்மாவுக்கே கிடைச்சிருக்கும். ஏனோ கழட்டல.”

அனன்சியா இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். புத்திசாலிப் பெண். டேப்லெட்டை மூடிக்கொண்டு, “நான் அப்புறம் வாரேன்” என்று செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாள்.

பவுன்தாயி திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என் எதிரில் உட்கார்ந்தாள்.

“எப்படி இருந்துச்சு?” என்றாள்.

“பவுனு…”

“என் அக்காவப் பாத்தா எனக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியணும். சொல்லுங்க.”

சொன்னேன். தலை பின்னியதை, தன் வாய்க்குப் போகவேண்டியதை எடுத்து ஊட்டியதை, இடுப்பின் சூட்டை. எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். யாரோ ஒருத்தி வீட்டுக் கல்யாணத்தைக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் அவள் கையிலிருந்த டம்ளர் என் காதோரமாகப் பறந்து சுவரில் பட்டது.

“யோவ், என் சோத்தத் தின்னுருக்கலாம். என் நகையத் தின்னுருக்கலாம். என் அழுகையத் தின்னுட்டு வந்து, அசதியா இருக்கும்ங்கிற?”

திங்கட்கிழமை விடியும்போது அவள் என் பழைய சைக்கிளின் கேரியரில் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். தொப்பி இல்லாமல் போகிறாளாம். சடையாண்டி ஓடிவந்து, “ஏம்மா, நான் நல்லவன்மா, வளைவு வந்ததும் டக்குன்னு கழட்டிருவேன், சத்தியமா” என்று தலையிலடித்துச் சொன்னான். அவள் காதில் வாங்கவில்லை. நான் பின்னாலேயே போனேன்.

முதல் வளைவுக்கு முக்கால் மணி நேரம். பத்தடி நடப்பாள், சைக்கிள் ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்ப்பாள், இன்ஹேலரை உறிஞ்சுவாள், மறுபடி பத்தடி. சமதரை வந்தால் ஏறி உட்கார்ந்து நாலு மிதி மிதிப்பாள். பயணிகள் தங்குகிற குடில்களில் இடம் கேட்டுப் படுத்தோம். கனமான எதையும் என்னைத் தொட விடவில்லை, அரிசிப் பையைக்கூட. பேசவும் இல்லை.

இரண்டாம் நாள் இருபத்தேழாவது வளைவில் ஒரு பயணி சைக்கிளை நிறுத்தினான். வாட்டசாட்டமான பையன், தொப்பிக்குக் கீழே முகம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது.

“ஆன்ட்டி, ஏன் இப்படிக் கஷ்டப்படுறீங்க? தொப்பி எடுத்துக்கலையா? சும்மாவே வந்துரலாமே.”

அவள் கையைத் தூக்கி இரு என்றாள். அவன் மரியாதையாக இருந்தான். மூச்சைத் திரட்ட இரண்டு நிமிஷம் பிடித்தது. “தம்பி… மேல போனா… நீ சந்தோஷப்படுவியா?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “தெரியல ஆன்ட்டி. போட்டோ எடுப்பேன்.”

வலதுகாலை அழுத்தி மிதித்துப் போனான். கொட்டகையில் எவனுக்கோ வலது முட்டி போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சாரல் பிடித்தது. நாற்பத்தோராவது வளைவில் அவளுடைய உதடு கறுத்துவிட்டது. குத்துக்கல்லில் உட்கார வைத்து முதுகைத் தடவினேன். கண் செருகிச் செருகி வந்தது. ஒருதடவை, ஒரே ஒருதடவை அந்தத் தொப்பி கிடைத்தால் அவளுடைய இந்த மூச்சையெல்லாம் நான் வாங்கிக்கொள்வேனே, சந்தோஷம் ஒரு சொட்டுக்கூட வேண்டாமே என்று வாய்விட்டுப் புலம்பினேன்.

“பவுனு, திரும்பிரலாம். உசுரோட இருந்தாத்தான அக்கா? எறங்கிரலாம்.”

அவள் தலையை ஆட்டினாள். பேச வரவில்லை. சுவாசம் கொஞ்சம் ஒழுங்குக்கு வந்ததும் என் தோளைப் பிடித்து எழுந்தாள். மூன்று நாளில் முதன்முறையாக என் தோளைத் தொட்டாள். அது போதும் என்று வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

நாலாம் நாள் மத்தியானம் ஐம்பத்திரண்டாவது வளைவு. சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு அவள் வாசலைப் பார்த்துப் போனாள். நீலக் கதவு சாத்தியிருந்தது. அக்கா என்று கூப்பிட வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்துகொண்டாள். நெஞ்சிலிருந்து அந்த விசில் சத்தம் மட்டும் வந்தது, வாசல் முழுக்கக் கேட்டது.

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

கதவு திறந்தது. ஒச்சம்மா மதினி. முடி பூரா நரைத்திருந்தது, கையில் சோப்பு நுரை.

“பவுனு?”

இவள் தலையை ஆட்டினாள்.

“அடி எரும! அப்ப போன வாரம் மஞ்சச் சட்டையப் போட்டுக்கிட்டு என் வாசல்ல வந்து நின்னது யாருடி?”

“நா…ந்தான்.”

“அது நீ இல்ல! இந்த மலைய ஏறி வந்து மூச்சே வாங்காம நிக்கிறா. என் தங்கச்சி நாலு படி ஏறுனா ஊருக்கே கேக்கும். எவளோ என்னமோ அவ மூஞ்சிய மாட்டிக்கிட்டு வந்திருக்குன்னு பயந்துபோய்க் கதவச் சாத்துனேன்டி. ஒம்பது நாளா எனக்குத் தூக்கமில்ல, நீ செத்துக்கித்துப் போயிட்டியோன்னு. வெள்ளிக்கிழமை போனும் வரல!”

பேசிக்கொண்டே முதுகில் இரண்டு அடி வைத்தாள். அடித்த கையாலேயே முதுகைத் தடவினாள். “குனியாத, நிமிந்து மூச்சு விடு. மெதுவா. மெதுவாடி” என்றாள். பவுன்தாயி நிமிர்ந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூச்சு வாங்கலுக்கு நடுவே, விட்டு விட்டு, அசிங்கமாக, மூக்கெல்லாம் ஒழுக அழ ஆரம்பித்தாள். அக்காவும் அவளைக் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள்.

எனக்கும் கண்ணைக் கரித்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் இரண்டு எட்டு எடுத்து வைத்தேன்.

பவுன்தாயி அக்காவின் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். “நீங்க… அங்கிட்டே உக்காருங்க. உங்க பங்குக்கு… அன்னைக்கே அழுதாச்சு.”

“என்னடி சொல்ற? தம்பியக் கூப்பிடு உள்ள” என்றாள் மதினி.

“பெறகு சொல்றேன்க்கா. நீ என்னப் பாரு.”

வேலியோரம் ஒரு கல் கிடந்தது. அதில் போய் உட்கார்ந்தேன். நாலு நாள் நடந்த முட்டி இரண்டையும் நீவிவிட்டேன். பின்னால் இரண்டு பேரும் சத்தம் போட்டு அழுதார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருந்தேன்.